தஞ்சாவூர் கலைக்கூடம்

தஞ்சாவூர் அரண்மனை வளாகத்தில் 1951-இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம். சோழர்காலச் செப்புத் திருமேனிகளுக்கும் கற்சிற்பங்களுக்கும் பெயர் பெற்றது. அரண்மனை நாயக்கர் காலத்தில் எழுந்து மராட்டியர் காலத்தில் விரிவடைந்தது. 1855-இல் மராட்டிய ஆட்சி முடிவுக்கு வந்தது.

கலைக்கூடம் தோன்றியதற்குக் காரணமாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்வர். கரந்தையில் கவனிப்பாரற்றுக் கிடந்த பிரம்மன் சிலையை வெளியூர் அருங்காட்சியகம் ஒன்றுக்குக் கொண்டுபோக முயற்சி நடந்ததாம். ஊரார் தடுக்கவே, அன்றைய மாவட்ட ஆட்சியர் டி. கே. பழனியப்பன் சிலையைத் தஞ்சையிலேயே இருத்தினாராம். விவரங்கள் சொல்பவருக்குச் சொல்பவர் சற்றே மாறுபடுகின்றன. தாராசுரத்திலிருந்து வந்த கஜசம்ஹாரமூர்த்தி கற்சிற்பத் தொகுதியில் தலைசிறந்தது.

கலைக்கூடத்தின் பெரும்புகழ் திருவெண்காட்டால் வந்தது. சீர்காழிக்கு அருகிலுள்ள அவ்வூரில் 1950-களின் தொடக்கத்தில் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்ட சோழர்காலத் திருமேனிகள் பல இங்குச் சேர்ந்தன. கல்யாணசுந்தரர், பைரவர், பிட்சாடனர் ஆகியோரும் திருவெண்காட்டிலிருந்து வந்தவர்களே. இவற்றைப் புதைத்தவர் யார், எப்போது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 1311-இல் நிகழ்ந்த மாலிக் கபூர் படையெடுப்பைச் சிலர் காரணம் காட்டுவர். பிற்காலப் போர்களைச் சுட்டுவோரும் உளர்.

திருவெண்காட்டுத் திருமேனிகளுள் தலையாயது ரிஷபவாகன தேவர். ஒரு காலை மறுகாலின் குறுக்கே மாற்றி வைத்து, மடித்த கையை இடபத்தின் மேல் ஊன்றிச் சாய்ந்து நிற்கும் கோலம். இடபம் இன்று இல்லை. ஆயினும் கையின் வளைவும் விரல்களின் தளர்வும் அது நின்ற இடத்தையும் உயரத்தையும் காட்டிவிடுகின்றன. சடையைப் புரிபுரியாகச் சுற்றித் தலைப்பாகைபோல் கட்டியிருக்கிறார். அதனிடையே பாம்பு நெளிகிறது. முன்னால் நின்று பார்த்தால் மட்டும் போதாது. பக்கவாட்டில் வந்து இடுப்பின் ஒசிவைக் கண்டால்தான் வார்த்தவரின் கைத்திறன் முழுதும் புலப்படும். முதலாம் இராசராசன் காலத்தில், 1011-இல், கோலக்கவன் என்பவர் ரிஷபவாகனரை எழுந்தருளுவித்ததாகத் திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டு கூறுகிறது. அது இத்திருமேனியையே குறிக்கும் என்பது அறிஞர் பலரின் துணிபு. தேவியின் திருமேனி மறு ஆண்டில் சேர்ந்ததாகக் கொள்வர்.

இத்தகைய திருமேனிகள் மெழுகில் உருவம் செய்து, மேலே வண்டல் மண் பூசிக் காயவைத்து, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகக் குழம்பை ஊற்றி வார்க்கப்பட்டவை. வார்த்தபின் மண் கருவை உடைத்துவிடுவதால் ஒவ்வொன்றும் தனிப்படைப்பே. சுவாமிமலை ஸ்தபதிகள் இம்முறையை இன்றும் கையாள்கின்றனர்.

திருவெண்காட்டுத் திருமேனிகள் அனைத்தும் தஞ்சையில் இல்லை. அர்த்தநாரி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளது.