திண்டி பீதி

பெங்களூரு விஸ்வேஸ்வரபுரத்தில் சஜ்ஜன் ராவ் சர்க்கிளை ஒட்டியுள்ள தெருவை உள்ளூரார் 'திண்டி பீதி' என்பார்கள். முதலில் கேட்கும் தமிழருக்குச் சற்றுப் பீதியாகத்தான் இருக்கும்.

பீதி வேறொன்றுமில்லை, நம் வீதிதான். தமிழில் சொல்லின் தொடக்கத்தில் 'வ' வரும் இடத்தில் கன்னடத்தில் பெரும்பாலும் 'ப' வரும்: வேண்டும் 'பேக்கு' ஆகும், வெல்லம் 'பெல்ல' ஆகும். தாவணகெரேயிலிருந்து தலைநகருக்கு வந்த 'பெண்ணெ தோசெ'யின் பெண்ணெயும் வெண்ணெய்தான். கல்லில் முறுகும் தோசையின் தலையில் ஒரு உருண்டை வைப்பார்கள்.

திண்டி, 'தின்' என்ற வேரில் பிறந்தது. தீனியும் தின்பண்டமும் அதன் உடன்பிறப்புகள். நம்மூரில் 'திண்டிக்கு அலைகிறான்' என்றால் திட்டு. இங்கே 'திண்டி ஆய்த்தா?' என்பது காலை நேர நலவிசாரிப்பு. கன்னடரே கௌரவமாக நடத்தியிருக்கிறார்கள் இந்தச் சொல்லை.

மாலையில் நடந்தால் தெருவே அகராதி. குளிர்காலத்தில் குவியும் தோல் உரித்த அவரைப் பருப்பு 'ஹிதகித பேளெ'. ஓசூர்ப் பக்கத்தில் பிதுக்குப் பருப்பு. பால் 'ஹாலு' ஆனதுபோல, 'பிதுக்கிய' என்பது 'ஹிதகித' ஆனது. ஹாசன் பக்கத்து ஐயங்கார்கள் 1953-இல் தொடங்கிய வி.பி. பேக்கரியில் 'காரா பன்' கேளுங்கள்: வெங்காயமும் பச்சைமிளகாயும் கலந்த ரொட்டி. அடுப்பு ஐரோப்பாவிலிருந்து வந்தது, காரம் நம்முடையது. எதிரே சாட் வண்டி. அந்தப் பெயர் இந்தியில் 'நக்குதல்' என்பதிலிருந்து வந்தது.