கோயில் யானை உரிமைச் சான்றிதழ்

கோயில், மடம் அல்லது தனியார் யானை வளர்ப்பதற்கு, 1972ஆம் ஆண்டு வன உயிரின பாதுகாப்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளர் வழங்கும் அனுமதி ஆவணம். ஆசிய யானை இச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. எனவே பசு, குதிரை போல யானையை விரும்பியவாறு வாங்கி வளர்க்க இயலாது.

சான்றிதழ் அளிக்கும் முன், கொட்டகை, பராமரிப்பு முதலிய வசதிகள் போதுமானவையா என்று பார்க்கப்படும். விலங்குக்கு அடையாளக் குறி இடவும் சட்டம் இடமளிக்கிறது. சான்றிதழ் பெற்றவரும் யானையை விற்கவோ வேறு வணிக முறையில் கைமாற்றவோ கூடாது என 43ஆம் பிரிவு தடுக்கிறது.

2022ஆம் ஆண்டுத் திருத்தம், செல்லத்தக்க சான்றிதழ் உள்ளவர் சமயத் தேவைக்காகவோ பிற காரணங்களுக்காகவோ யானையை மாற்றித் தரவும் கொண்டு செல்லவும் நிபந்தனைகளுடன் வழிவிட்டது. இதற்கான விதிகள் 2024இல் வெளியாயின. மாற்றித் தருவதற்குக் கால்நடை மருத்துவரின் சான்றும், மின்னணுப் பதிவேட்டில் யானையின் மரபணு விவரமும் தேவை.

உணவு, குளியல், நடைப்பயிற்சி, மருத்துவப் பரிசோதனை, பாகன் நியமனம் ஆகியவற்றைத் தமிழ்நாடு வளர்ப்பு யானைகள் மேலாண்மை மற்றும் பராமரிப்பு விதிகள், 2011 நெறிப்படுத்துகின்றன. கோயில் யானைகள் வனத்துறையின் பராமரிப்புக்கு மாற்றப்படுவதும் உண்டு; எடுத்துக்காட்டாக, காஞ்சிபுரம் காமாட்சி அம்மன் கோயிலைச் சேர்ந்த மூன்று யானைகள், திருச்சி அருகே எம்.ஆர்.பாளையத்தில் வனத்துறை நடத்தும் மறுவாழ்வு மையத்துக்கு மாற்றப்பட்டன.

யானையைத் திரைப்படத்திலோ காட்சியிலோ பயன்படுத்த, காட்சி விலங்குகள் பதிவு விதிகள், 2001இன்படி இந்திய விலங்குகள் நல வாரியத்தில் தனியே பதிய வேண்டும்.