பச்சை மரத்தை யார் செதுக்கலாம்?

வெட்டிய ஈரம் காயாத மரத்தில், கோடாரியும் கத்தியும் மட்டும் வைத்துக்கொண்டு கரண்டியும் முக்காலியும் செய்யக் கற்றுத்தரும் முகாம்கள் இப்போது பல நாடுகளில் நடக்கின்றன. மரபுக் கைத்திறன் என்கிறார்கள். திறன்தான், சந்தேகமில்லை. பச்சை மரம் உளிக்கு இணங்கும். காய்ந்துவிட்டால் முரண்டு பிடிக்கும். ஆனால் காயும்போது சுருங்கும், வெடிக்கும். எந்தப் பக்கம் எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் செதுக்குவதில்தான் தேர்ச்சி இருக்கிறது. அந்தத் தேர்ச்சியை யார் கற்கலாம் என்பதை நம் ஊரில் பிறப்புதான் முடிவு செய்தது.

ஏர் செய்தவர் ஆசாரி. அதே ஏரைப் பிடித்து உழுதவர் சேரிக்காரர். இருவருக்கும் களத்து நெல்தான் கூலி. ஆனால் ஒருவர் கைவினைஞர், இன்னொருவர் பண்ணையாள்.

சேரியில் மரவேலையே இல்லையா என்ன? எங்கள் கெடார் பக்கம் சாவு வீட்டில் அடிக்கும் பறையின் சட்டத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் வேப்ப மரம். வளைவான மூன்று துண்டுகளாகச் செதுக்கி, மூன்று இரும்புத் தகடுகளால் இணைத்து வட்டமாக்கியிருப்பார்கள். அதன்மேல் மாட்டுத்தோலை இழுத்து ஒட்டப் புளியங்கொட்டைப் பசை. ஈரச் சட்டத்தில் தோலை ஏற்றினால், மரம் சுருங்கியதும் தோல் தளர்ந்துவிடும். மரமும் தோலும் காயும் கணக்கு இரண்டையும் தெரிந்தவரால்தான் இது முடியும். ஏர் செய்யும் அறிவுக்கு இது எதில் குறைச்சல்? ஊர் அவரைப் பறையடிப்பவர் என்றது. செய்பவர் என்று சொன்னதே இல்லை.

1953-இல் ராஜாஜி அரசு, கிராமப்புறத் தொடக்கப் பள்ளி நேரத்தை நாளுக்கு 3 மணி நேரமாகக் குறைத்தது. மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டுமாம். குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். ஆசாரி மகனாவது அப்பாவிடம் உளி பிடிப்பான். நம் பிள்ளை எதைப் பிடிப்பது? செத்த மாட்டின் காலையா? 1954 ஏப்ரலில் காமராசர் முதல்வரானார். மே மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

கைவேலைக் கல்வியே கூடாது என்பதல்ல என் வாதம். பின்லாந்து 1866-இலேயே கைவேலையைப் பள்ளிப் பாடமாக்கியது. ஸ்வீடனின் நேஸ் என்ற ஊரில் ஓட்டோ சாலமன் அதைக் கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். அங்கே யாரும் பிள்ளையிடம் அப்பாவின் தொழிலைக் கேட்கவில்லை.

இங்கே 70 ஆண்டு கழித்தும் கேட்டார்கள். 2023 செப்டம்பரில் வந்த பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தில் 18 வயது முடிந்தவர் சேரலாம். கருவி வாங்க 15,000 ரூபாய். ஆனால் குடும்பம் சார்ந்த மரபுத்தொழிலாக இருக்க வேண்டும். மேற்படிப்புக்குப் போகும் வயதில் பிள்ளையைத் திரும்ப அப்பாவின் பட்டறைக்கு அழைக்கும் வேலை இது. பட்டியலில் 18 தொழில்கள்: தச்சர் உண்டு, செருப்புத் தைப்பவர் உண்டு, துணி வெளுப்பவர் உண்டு. இசைக்கருவி செய்பவர் இல்லை. அதே ஒன்றிய அரசு 2025-இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ தந்தது. மகிழ்ச்சிதான். அடிப்பவருக்கு விருது உண்டு, செய்பவருக்குப் பட்டியலில் ஒரு வரி கிடையாது.

தமிழ்நாடு 2024 நவம்பரில் அந்தத் திட்டத்தை இப்போதைய வடிவில் ஏற்க மறுத்தது. அடுத்த ஆண்டு 25 தொழில்களோடு கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லை, குறைந்தபட்ச வயது 35. இதை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் இதுவும் தொழில் தெரிந்தவருக்குக் கடனும் மானியமும் தரும் திட்டம். சேரியில் 20 வயதுப் பெண் ஒருத்தி வாச்சி பிடித்து மரம் செதுக்கக் கற்க நினைத்தால், யார் பட்டறையில் அவளை உள்ளே விடுவார்கள் என்பதற்கு இரண்டு திட்டத்திலும் பதில் இல்லை.