குமிழ் இழந்த பீரங்கிகள்

போரில் கைப்பற்றிய படைக்கலங்களைப் பேணிக் காப்பது வென்றோர் மரபு. ஆயினும் அவை வென்றோர் கூறிய கதையையே என்றும் கூறிக்கொண்டிருக்கும் என்பதற்கில்லை. பிரித்தானிய அரச பீரங்கிப்படை அருங்காட்சியகத் தொகுப்பைச் சேர்ந்த இரு வெண்கலப் பீரங்கிகள் இதற்குத் தக்க சான்றாகும். அவற்றின் பின்முனையில் இருந்த உருண்டைக் குமிழ்கள் அறுத்தெடுக்கப்பட்டுள்ளன. விக்டோரியா சிலுவை என்னும் வீர விருதை வார்ப்பதற்காகவே அவை அறுக்கப்பட்டன.

கிரிமியப் போரின் விளைவாக, 1856 சனவரி 29ஆம் நாள் இவ்விருது நிறுவப்பெற்றது. படைத்தலைவர், கடைநிலை வீரர் என்னும் வேறுபாடு இதற்கில்லை. இதில் பொறிக்க முதலில் கருதப்பட்ட தொடர், 'வீரர்களுக்காக' என்னும் பொருளுடையது. விருது பெறாதோர் வீரரல்லர் என்று பொருள்படுமே எனக் கருதிய விக்டோரியா அரசி, அதனை 'வீரத்திற்காக' என மாற்றினார். செம்பால் ஆன மாதிரியையும் அவர் ஏற்கவில்லை. வெண்கலமே வேண்டும் என்றார். 1855இல் வீழ்ந்த செவஸ்தபோல் கோட்டையில் கைப்பற்றிய உருசியப் பீரங்கிகளின் உலோகமே அதற்குப் பயன்பட்டது என்பது வழிவழி வந்த செய்தி. 1857 சூன் 26இல் இலண்டன் ஐடு பூங்காவில் அரசி முதன்முறையாக 62 பேருக்குச் சிலுவை அணிவித்தார்.

ஆனால் குமிழிழந்த பீரங்கிகளின் தோற்றமே அச்செய்தியை மறுக்கிறது. அவை உருசியாவில் வார்க்கப்பட்டவை அல்ல. பழைய சீனப் பீரங்கிகள். சிலுவைகள் எல்லாம் ஒரே உலோகத்தால் ஆனவையல்ல என்பதை எக்சுக் கதிர் ஆய்வுகளும் காட்டியுள்ளன. சீன உலோகம் முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே பயன்பட்டது என்பர் ஒரு சாரார். செவஸ்தபோல் தொடர்புக்கே உறுதியான சான்றில்லை என்பர் மற்றொரு சாரார்.

இந்தியப் படைவீரர் இவ்விருதுக்கு உரியராக்கப்பட்டது 1911இல்தான். 1914 அக்டோபர் 31இல் பெல்சியத்தின் ஒலபெக் என்னுமிடத்தில், உடனிருந்தோர் அனைவரும் வீழ்ந்த பின்னரும் இயந்திரத் துப்பாக்கியை இயக்கிய குதாதாது கான் இதனைப் பெற்றார். இச்சிலுவையைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. முற்சாராரின் கருத்து மெய்யெனின், ஆங்கிலேயரிடம் தோற்ற ஓர் ஆசிய நாட்டின் உலோகம், அவர்தம் ஆட்சிக்குட்பட்டிருந்த மற்றோர் ஆசிய நாட்டு வீரரின் மார்பில் ஏறியதாகும்.

இதனால் அவ்வீரரின் பெருமை குன்றாது. அது அவர் நின்று போரிட்ட களத்தில் விளைந்தது. எஞ்சிய உலோகம் ஏறத்தாழ 10 கிலோ, இன்னும் பிறவாத வீரச் செயல்களுக்கென இராணுவக் கிடங்கொன்றில் காக்கப்பட்டு வருகிறது. சிலுவையில் பொறிக்கும் சொல்லை அரசி நுணுகி ஆராய்ந்தார். அதன் உலோகம் யாருடையது என்பதை நெடுங்காலம் எவரும் ஆராயவில்லை. வீரத்தைப் பாடுவோர் அவ்விரண்டையும் சேர்த்தே நோக்குதல் தகும்.