நாளால் அளந்த நாடு: பூட்டான் பயணத்தின் கதை

பூட்டானில் தூரத்தை நாளால் அளந்தார்கள். திம்புவிலிருந்து புனாகா இரண்டு நாள். தெற்கே வங்காளச் சமவெளியின் விளிம்பிலிருந்து திம்புவுக்கு ஏறக்குறைய ஒரு வாரம். நாட்டின் பரப்பு 38,394 சதுர கிலோமீட்டர்தான். தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் தெற்கு எல்லையில் சில நூறு அடி உயரத்தில் தொடங்கும் நிலம், வடக்கே 7,570 மீட்டர் உயரமுள்ள கங்கார் புன்சும் வரை ஏறிவிடுகிறது. ஆறுகள் எல்லாம் வடக்கிலிருந்து தெற்கே பாய்கின்றன. ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு பள்ளத்தாக்கு, இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே ஒரு மலைத்தொடர். கிழக்கு மேற்காகப் போக வேண்டியவர் ஒவ்வொரு கணவாயையும் ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த நாட்டில் வழிப்பயணம் செய்தவர்களுக்கு முதல் திட்டம் வகுத்துக் கொடுத்தது இந்த நில அமைப்புதான்.

இரண்டாவது திட்டத்தை வகுத்தவர் ஷப்துரங் நவாங் நம்கியால். திபெத்தில் பகை முற்றி, 1616இல் தெற்கே வந்து சேர்ந்த இந்தத் துறவி, சிதறிக் கிடந்த பள்ளத்தாக்குகளை ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவந்தார். அதற்கு அவர் கையாண்ட கருவி ‘சோங்’. பாதி மடம், பாதி கோட்டை. தானியக் கிடங்கும் வரி அலுவலகமும் நீதிமன்றமும் அதற்குள்ளேயே. 1629இல் சிம்டோகா, 1637இல் ஃபோ, மோ ஆறுகள் கூடும் இடத்தில் புனாகா, 1640களில் பாரோவின் ரின்புங் என்று சோங்குகள் எழுந்தன. பள்ளத்தாக்கையும் அதற்குள் நுழையும் பாதையையும் ஒருசேரப் பார்க்கும் இடங்களிலேயே அவை நின்றன. சோங்கின் கண்ணில் படாமல் யாரும் அதிக தூரம் போய்விட முடியாது.

இதை மிகத் தெளிவாகக் காட்டுவது நாட்டின் நடுவிலுள்ள ட்ரோங்சா சோங். மாங்தே ஆற்றுக்கு மேலே செங்குத்தான மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் நீண்ட கட்டடம் அது. மேற்கிலிருந்து கிழக்கே போகும் பழைய பாதை அதன் அருகே போகவில்லை, அதற்குள்ளேயே போயிற்று. ஒரு வாசலில் நுழைந்து, முற்றங்களைக் கடந்து, மறு வாசலில் வெளியேற வேண்டும். வாசலை மூடினால் நாடு இரண்டாகும். ட்ரோங்சாவின் ஆளுநரான பென்லோப் கிழக்கு முழுவதையும் தன் கையில் வைத்திருந்ததற்கு அந்த வாசல்கள் ஒரு பெரிய காரணம். 1907 டிசம்பர் 17 அன்று நாட்டின் முதல் மன்னராக முடிசூடிய உக்யென் வாங்சுக், ட்ரோங்சாவின் பென்லோப்பாக இருந்தவர் என்பது இந்தப் பின்னணியில் எளிதில் விளங்கும்.

ஆறுகளைக் கடப்பது கணவாயை ஏறுவதைவிடக் கடினமான வேலையாக இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் திபெத்திலிருந்து வந்த தாங்தோங் கியால்போ என்னும் துறவி, இரும்பை உருக்கிச் சங்கிலி செய்து தொங்குபாலங்கள் கட்டினார். பாரோவுக்குப் போகும் வழியில் தாம்சோக் மடத்தின் எதிரே ஒரு சங்கிலிப் பாலம் இன்றும் தொங்குகிறது. பழைய பாலத்தை 1969இல் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. 2005இல் மறுபடி கட்டினார்கள். தெற்குப் பாதையில் சுக்காவில் இருந்த பாலத்தை 1783இல் கடந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதர் சாமுவேல் டர்னர் அதை நுணுக்கமாக விவரித்திருக்கிறார். ஐந்து சங்கிலிகளின் மேல் முரட்டு மூங்கில் பாய்களை அடுக்கடுக்காக விரித்திருந்தார்கள். பாலத்தோடு சேர்ந்து ஆட வேண்டும் என்பதால் பாய்களை இறுக்கிக் கட்டவில்லை. ஒரு நேரத்தில் ஒரு குதிரைக்கு மட்டுமே அனுமதி. காலை வைத்ததும் பாலம் அசைந்து திரும்ப உந்தும். அந்த உந்துதலே நடப்பவரை விரைவாக அடியெடுத்து வைக்கச் செய்யும்.

பாதைகளில் அதிகம் நடந்தவர்கள் அயல்நாட்டார் அல்லர். சோங்குக்கும் சோங்குக்கும் இடையே கடிதம் சுமந்து ஓடிய தூதுவர்களான கார்ப்புகள், உப்பும் கம்பளியும் அரிசியும் ஏற்றிய கோவேறு கழுதைக்காரர்கள், குளிர்காலத்தில் புனாகாவுக்கு இறங்கிக் கோடையில் திம்புவுக்கு ஏறும் துறவிகள் என்று அந்தப் பாதைக்கு அதன் சொந்த மக்கள் இருந்தார்கள். புனாகா ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்திலும் திம்பு 2,300 மீட்டருக்கு மேலும் இருப்பதால், தலைமை மடாதிபதியும் அவரோடு இருக்கும் துறவிகளும் ஆண்டுக்கு இருமுறை இடம் மாறும் வழக்கம் இன்றும் நீடிக்கிறது. அதிகாரிகள் பயணம் செய்தால் அவர்களுடைய மூட்டைகளை வழியிலுள்ள கிராமத்தார் கூலியின்றிச் சுமக்க வேண்டியிருந்தது. அது உழைப்பாகக் கட்டப்பட்ட வரி. பழைய பயண நூல்கள் பள்ளத்தாக்கின் அழகைப் பேசும் அளவுக்கு இந்த முதுகுகளைப் பேசுவதில்லை. ஆனால் அவை இல்லாமல் எந்தப் பயணமும் நடந்ததில்லை.

நாட்டுக்குள் வந்த முதல் ஐரோப்பியர்கள் போர்த்துக்கீசிய இயேசு சபைத் துறவிகளான எஸ்தெவாவோ காசெல்லாவும் ஜோவாவோ காப்ராலும். திபெத்துக்கு வழி தேடி 1627இல் வந்தவர்கள் திம்புவுக்கு வடக்கேயுள்ள செரி மடத்தில் ஷப்துரங்கின் விருந்தினராகச் சில மாதங்கள் தங்கினார்கள். அவர் அவர்களை அன்பாகவே நடத்தினார், விட்டுவிடத்தான் மனமில்லை. பூட்டானில் விருந்தினரின் நாட்களை எண்ணும் உரிமை விருந்தோம்புபவரிடம் இருந்ததற்கு முதல் சாட்சி இவர்கள்.

அடுத்த சாட்சி ஜார்ஜ் போகிள். தெற்கே சமவெளியிலிருந்த கூச்பிகார் அரசு தொடர்பாகப் பூட்டானுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நடந்த போர் 1774இல் உடன்படிக்கையில் முடிந்தது. அதே ஆண்டு கம்பெனியின் வங்காள ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் போகிளைத் திபெத்தின் பஞ்சன் லாமாவிடம் அனுப்பினார். பக்ஸா வழியாக மலையேறிய போகிள், ஹேஸ்டிங்ஸின் கட்டளைப்படி தங்கிய இடங்களில் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டே போனார். மேலே போக அனுமதி வரும்வரை அவர் திம்புவில் மாதக்கணக்கில் காத்திருந்து, அக்டோபரில்தான் திபெத்துக்குக் கிளம்ப முடிந்தது. உருளைக்கிழங்கு பின்னாளில் நாட்டின் முக்கியப் பணப்பயிராயிற்று. பாலாடைக்கட்டியோடு அதைச் சேர்த்துச் சமைக்கும் கேவா தாட்சி இன்று பூட்டானின் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் கிடைக்கும்.

1783இல் டர்னரோடு வந்த ஓவியர் சாமுவேல் டேவிஸுக்குத் திபெத்துக்குள் நுழைய அனுமதி கிடைக்கவில்லை. அதனால் பூட்டானிலேயே தங்கிவிட்ட அவர் சோங்குகளையும் பாலங்களையும் நீர்வண்ணத்தில் தீட்டினார். மேலே போயிருந்தால் அந்தப் படங்கள் நமக்குக் கிடைத்திருக்காது. ஒளிப்படக் கருவி வருவதற்கு முந்திய பூட்டானை அறிய அவற்றைவிடச் சிறந்த சான்று இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த விருந்தோம்பல் கசந்துபோயிற்று. மலையடிவாரத்துத் துவார்கள், அதாவது சமவெளியிலிருந்து மலைக்கு ஏறும் பதினெட்டு வாசல்களும் அவற்றைச் சூழ்ந்த வளமான நிலமும், தீராத வழக்காயின. 1864இல் ஆஷ்லி ஈடன் தலைமையில் புனாகாவுக்குப் போன ஆங்கிலத் தூதுக்குழு அவமதிக்கப்பட்டுத் திரும்பியது. அதைத் தொடர்ந்த துவார் போர் 1865 நவம்பரில் சிஞ்சுலா உடன்படிக்கையோடு முடிந்தது. வாசல் நிலங்கள் ஆங்கிலேயர் கைக்குப் போயின. அதற்கு ஈடாக ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருவதாக ஏற்பாடு. சமவெளியை இழந்த நாடு மலைக்குள் இன்னும் ஒடுங்கியது. அதன் பிறகு உள்ளே வந்த வெளியார் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பெரும்பாலும் ஜான் கிளாட் வொயிட் போன்ற ஆங்கில அரசு அதிகாரிகள்.

1958 செப்டம்பரில் ஜவஹர்லால் நேரு பூட்டானுக்குப் போனபோதும் நிலைமை மாறியிருக்கவில்லை. அந்த நாட்டுக்குள் மோட்டார் வண்டி போகும் சாலை ஒன்றுகூட இல்லை. இந்தியாவிலிருந்து நேராகப் போக வசதியான வழியும் இல்லாததால், அறுபத்தெட்டு வயதுப் பிரதமரும் மகள் இந்திராவும் சிக்கிமிலிருந்து நாதுலா கணவாயைக் கடந்து, திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். குதிரையிலும் யாக்கிலும் பல நாள் பயணம். பூட்டான் சுதந்திர நாடாகத் தன் வழியில் வாழ வேண்டும் என்பதே இந்தியாவின் விருப்பம் என்று நேரு பாரோவில் பேசினார். அடுத்த ஆண்டே திபெத்தில் கலகம் வெடித்தது. வடக்கு எல்லை மூடப்பட்டதும், நூற்றாண்டுகளாக வடக்கே பார்த்திருந்த வணிகம் நின்றுபோனது. மூன்றாம் மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக் தெற்கே திரும்ப முடிவுசெய்தார்.

அந்த முடிவின் முதல் வடிவம் சாலை. தெற்கு எல்லையிலுள்ள புன்ட்சோலிங்கிலிருந்து திம்புவுக்கும் பாரோவுக்கும் மலையைக் குடைந்து வழி வெட்டும் வேலையை, இந்திய எல்லைச் சாலை அமைப்பு 1961இல் தொடங்கிய ‘டண்டக்’ திட்டம் ஏற்றது. 1962இல் வண்டிகள் ஓடத் தொடங்கின. கோவேறு கழுதையோடு ஆறு நாள் நடந்த வழி ஆறு மணி நேரமாகச் சுருங்கியது. பூட்டானின் நெடிய வரலாற்றில் இவ்வளவு திடீரென்று நிகழ்ந்த மாற்றங்கள் அரிது. கிழக்கு நோக்கி நீண்ட நெடுஞ்சாலை ட்ரோங்சா கோட்டைக்குள் நுழையவில்லை. வளைந்து மேலே போயிற்று. வாசலைப் பூட்டி நாட்டைப் பிரிக்கும் காலம் அத்தோடு போயிற்று. பழைய பாதையில் கல் பெயர்ந்தது, புல் முளைத்தது.

1971இல் ஐ.நா. சபையில் சேர்ந்த நாடு, 1974 ஜூன் 2 அன்று நான்காம் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக்கின் முடிசூட்டு விழாவுக்கு உலக விருந்தினரை அழைத்தது. அவர்கள் தங்கப் பாரோவில் ஓலாதாங் போன்ற விடுதிகள் கட்டப்பட்டன. விழா முடிந்ததும் அந்த அறைகள் காலியாகக் கிடக்க வேண்டாம் என்று அதே ஆண்டு சுற்றுலாவுக்குக் கதவு திறந்தது. முதல் ஆண்டில் வந்தவர்கள் முந்நூறு பேருக்கும் குறைவு. குழுவாக வர வேண்டும், வழிகாட்டியோடு போக வேண்டும், நாளொன்றுக்கு அரசு குறித்த தொகையைக் கட்ட வேண்டும் என்பவை அன்றைய விதிகள். புதியவை போலத் தோன்றினாலும், போகிளைத் திம்புவில் காக்க வைத்த வழக்கத்தின் தொடர்ச்சியாகவே இவற்றைப் பார்க்கத் தோன்றுகிறது. எத்தனை பேர், எந்த வழி, எத்தனை நாள் என்பதை வருபவர் மட்டும் தீர்மானிப்பதில்லை.

வானவழி 1983 பிப்ரவரியில் திறந்தது. பதினெட்டுப் பேர் அமரும் டோர்னியர் விமானத்தோடு ட்ரூக் ஏர் பாரோவையும் கொல்கத்தாவையும் இணைத்தது. கடல்மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கும் பாரோவில் விமானி கண்ணால் பார்த்தே இறங்க வேண்டும். இருட்டினால் இறங்க முடியாது. மேகம் மூடினால் காத்திருக்க வேண்டும். நாட்டின் தலைவாசல் புன்ட்சோலிங்கிலிருந்து பாரோவுக்கு மாறியதும் பயணத்தின் உருவமும் மாறியது.

ஏழு நாள் பயணம் என்று இன்று வழங்கும் திட்டம் இங்கிருந்துதான் பிறந்தது. பாரோவில் இறங்குபவர் முதலில் சுசோம் வழியாகத் திம்பு போகிறார். பாரோ ஆறும் திம்பு ஆறும் கூடும் அந்த இடத்தில் நேபாள, திபெத்திய, பூட்டான் பாணிகளில் மூன்று ஸ்தூபிகள் வரிசையாக நிற்கின்றன. சாலைகள் பிரியும் அங்கே இன்றும் ஒரு சோதனைச்சாவடி உண்டு. திம்புவிலிருந்து 3,100 மீட்டர் உயர டோச்சுலா கணவாயைக் கடந்து புனாகா; துறவிகள் இரண்டு நாள் நடந்த இந்த வழிக்கு இப்போது மூன்று மணி நேரத்துக்குள்தான் ஆகிறது. நாள் மிச்சமிருந்தால் கருங்கழுத்துக் கொக்குகள் குளிர்காலத்தைக் கழிக்கும் போப்ஜிகா. இன்னும் இருந்தால் ட்ரோங்சா, பும்தாங். ஒரு வாரத்துக்குள் பும்தாங்கையும் அடைக்கப் பார்ப்பவர் பாதி நாட்களை வண்டிக்குள்ளேயே கழிக்க நேரும். கிழக்கே ட்ராஷிகாங் இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. மேற்குப் பள்ளத்தாக்குகளில் கூட்டம் சேர்வதற்கும் கிழக்கு ஆளரவமற்றிருப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். மாதத்தைத் தேர்வதிலும் பழைய அறிவே வேலை செய்கிறது: ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் மண்சரிவும், அக்டோபர், நவம்பரில் தெளிந்த வானம், இளவேனிலில் பாரோவின் செச்சு திருவிழா. அதன் நாளைச் சந்திர நாட்காட்டி குறிப்பதால், பயணத் தேதியும் ஆண்டுதோறும் நகரும்.

கடைசி நாளுக்குப் பெரும்பாலும் தக்ஷாங். 1692இல் கட்டப்பட்டு, 1998இல் தீயில் எரிந்து, 2005இல் மீண்டும் திறக்கப்பட்ட இந்த மடம் பாரோ பள்ளத்தாக்கின் தளத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில், பாறை முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாலை அதுவரை போகவில்லை. பாதி வழி குதிரையில் போகலாம். மீதி, படிகளில் இறங்கி ஏறி, காலால்தான்.

கட்டண விதி பலமுறை மாறியது. நீண்டகாலம் நாளுக்கு 200 டாலர், 2012 முதல் உச்சப் பருவத்தில் 250 டாலர். தங்குமிடம், உணவு, வழிகாட்டி, வண்டி எல்லாம் அதில் அடக்கம். அரசுக்கான 65 டாலரும் அதற்குள்ளேதான். இந்தியர்களுக்கு 2020 வரை அந்தக் கட்டணமே இல்லை. 2019இல் வந்த 3,15,000க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். பெருந்தொற்றுக்காக மூடிய எல்லை 2022 செப்டம்பர் 23 அன்று திறந்தபோது, அரசுக்கு மட்டுமே ஓர் இரவுக்கு 200 டாலர், இந்தியர்களுக்குப் பூட்டான் நாணயத்தில் 1,200 நுல்ட்ரம் என்று விதி வந்தது. வருகை குறைந்தது. 2023 ஜூனில் ஏழு நாளுக்குக் கட்டினால் மேலும் ஏழு நாள் தங்கலாம் என்று சலுகை அறிவித்தார்கள். அதுவும் போதாமல் அதே ஆண்டு செப்டம்பரில் தொகையை 100 டாலராகப் பாதியாக்கினார்கள்.

எல்லை திறந்த அதே மாதம் இன்னொன்றும் திறந்தது. மேற்கே ஹாவிலிருந்து கிழக்கே ட்ராஷிகாங் வரை 403 கிலோமீட்டர் நீளமுள்ள, கார்ப்புகள் ஓடிய அந்தப் பழைய பாதையைப் புதர் வெட்டி, படிகளையும் பாலங்களையும் செப்பனிட்டு, 2022 செப்டம்பர் இறுதியில் ‘டிரான்ஸ் பூட்டான் டிரெயில்’ என்ற பெயரில் நடப்பவர்களுக்கு விட்டார்கள். ட்ரோங்சாவில் அது மறுபடி கோட்டையை நோக்கி இறங்குகிறது. முழுவதையும் நடக்க ஒரு மாதம் தேவைப்படும். ஒரு வாரம் மட்டும் கையிலுள்ளவர்கள் டோச்சுலாவிலிருந்து புனாகா பக்கம் இறங்கும் துண்டை எடுத்துக்கொள்கிறார்கள். வண்டி கணவாயின் உச்சியில் இறக்கிவிட்டுச் சாலை வழியே சுற்றிக்கொண்டு போகிறது. நடப்பவர் காட்டுக்குள் இறங்கி, வயல்களையும் வீடுகளையும் கடந்து, கீழே பள்ளத்தாக்கில் போய் அதைப் பிடிக்கிறார்.