நாற்பத்தோராவது மனிதன்

இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு கதை சொல்லியாக வேண்டும் என்பது என் பேத்தி போட்டிருக்கும் சட்டம். சென்ற வாரம் பாரி என்ற நாயின் கதையைச் சொன்னேன். பள்ளி நாளில் ஆசிரியர் சொல்ல நான் கண் கலங்கிக் கேட்ட கதை அது. பனிமலையில் வழி தவறியவர்கள் 40 பேரை அந்த நாய் காப்பாற்றியது. 41-ஆவதாகப் பனியில் புதைந்து கிடந்த ஒரு போர்வீரனைக் கண்டுபிடித்து, முகத்தை நக்கி எழுப்பியது. அவனோ ஓநாய் என்று மிரண்டு அதைக் குத்திக் கொன்றுவிட்டான்!

பேத்தி அழவில்லை. "நக்கி எழுப்பின நாயை ஏன் தாத்தா குத்தினான்?" என்று கேட்டாள். "தூங்கு, அம்மா" என்று சமாளித்துவிட்டேன். ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் சரித்திரப் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினேன்.

ஸ்விட்ஜர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே, ஆல்ப்ஸ் மலையில், கிரேட் செயின்ட் பெர்னார்டு என்று ஒரு கணவாய் உண்டு. உயரம் 2,469 மீட்டர். 11-ஆம் நூற்றாண்டில் பெர்னார்டு என்ற துறவி வழிப்போக்கர்களுக்காக அங்கே ஒரு சத்திரம் அமைத்தார்.

வசந்த காலத்தில் இந்தப் பாதை மனிதனை ஏமாற்றும். கீழே பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடிகள் துளிர்த்திருக்கும். அதை நம்பி மேலே ஏறினால் கால் புதையும் பனி! விடியற்காலையில் கல்லாய் இறுகிக் கிடப்பது, வெயில் ஏறியதும் இளகும். சில சமயம் சரிவோடு பெயர்ந்து வந்து ஆளையே மூடிவிடும். மூடுபனி இறங்கிவிட்டால் பாதை எது, பள்ளம் எது என்று தெரியாது. ஆகவே சத்திரத்து வழிகாட்டிகள் வழிப்போக்கர்களை எதிர்கொண்டு அழைத்துவரப் போவார்கள். 17-ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் அங்கே வளர்ந்த நாய்களும் நாளடைவில் அவர்களுடன் போகப் பழகின. அகன்ற மார்பால் பனியைக் கிழித்துத் தடம் போடுவதும், மறைந்த பாதையைக் கண்டு சொல்வதும், புதைந்தவர்களை மோப்பம் பிடிப்பதும் அவற்றின் வேலை.

1800-ஆம் ஆண்டு மே மாதம். சுமார் 40,000 பிரெஞ்சுப் போர்வீரர்கள் இந்தப் பனிப்பாதையில் ஏறினார்கள். குடைந்த மரத்துண்டுகளுக்குள் பீரங்கிக் குழாய்களைக் கிடத்திக் கயிறு கட்டி இழுத்தார்கள். சத்திரத்துத் துறவிகள் அவர்களுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் திராட்சை மதுவும் கொடுத்தார்கள். மே 20-ஆம் தேதி நெப்போலியன் வந்தான். ஜூன் 14-ஆம் தேதி மாரெங்கோ போர்க்களத்தில் ஆயிரக்கணக்கானோர் விழுந்தார்கள்.

அதே 1800-இல்தான் பாரி பிறந்தது. கொல்லப் போனவனும் காப்பாற்றப் பிறந்ததும் ஒரே வருஷத்தில் ஒரே கணவாயில்! சரித்திரம் சில சமயம் நாவலாசிரியனையும் மிஞ்சிவிடுகிறது.

இருவர் விஷயத்திலும் ஓவியர்கள் கைவரிசையைக் காட்டினார்கள். டாவிட் தீட்டிய படத்தில் நெப்போலியன் பாய்ந்தெழும் குதிரைமேல் கம்பீரமாக வீற்றிருக்கிறான். உண்மையில் அவன் வந்தது கோவேறு கழுதையில். 1820-இல் லாண்ட்ஸீர் என்ற ஆங்கிலேய இளைஞர் இந்த மலைநாயின் கழுத்தில் ஒரு சிறு மதுப்பீப்பாயை மாட்டி வரைந்தார். அது இன்றுவரை இறங்கவில்லை. உண்மையில் நாய்கள் அப்படிப் பீப்பாய் சுமந்து திரிந்ததற்குச் சான்று இல்லை.

சரி, அந்த 41-ஆவது மனிதன்? பாரிஸுக்கு அருகே ஆஸ்னியேரில் 1899-இல் திறந்த நாய்களின் கல்லறைத் தோட்டத்தில், பாரியின் நினைவுச் சின்னமே அவன்மீது குற்றம் சாட்டி நிற்கிறது. கல்லில் வெட்டிவிட்டால் பொய் மெய்யாகிவிடுமா? 1812-இல், முதுமையால் தளர்ந்த பாரியைச் சத்திரத்துத் தலைவர் பெர்ன் நகருக்கு அனுப்பிவைத்தார். 1814-இல் அது அங்கேதான் இறந்தது. அதன் தோலைப் பதப்படுத்திச் செய்த உருவம் இன்னமும் அந்நகரத்து இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையில் நிற்கிறது. நெப்போலியன் முடி துறந்ததும் அதே 1814-இல்தான்.

படித்து முடித்ததும், ஒரு கதாசிரியன் என்ற முறையில், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. நன்றியுள்ள நாய், நன்றி கெட்ட மனிதன் - எத்தகைய முடிவு! அதை விட்டுவிட்டு, வயதாகி ஓய்வு பெற்று இறந்தது என்றால் யார் கண் கலங்குவார்கள்? பிறகுதான் உறைத்தது. பிறவாத ஒருவனை நினைத்து இத்தனை வருஷம் அழுதிருக்கிறோம். பிழைத்து எழுந்து நடந்த 40 பேரை நினைத்து ஒரு நாளாவது சந்தோஷப்பட்டோமா?

அன்றிரவு பேத்தியிடம், "நான் சொன்ன கதை தப்பு, அம்மா. பாரியை யாரும் குத்தவில்லை. வயதாகித்தான் செத்துப் போச்சு" என்றேன். கதை சப்பென்று முடிந்துவிட்டதென்று கோபித்துக்கொள்வாளோ என்று பயந்தேன்.

அவள் சற்று யோசித்துவிட்டு, "அந்த நாற்பது பேரும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாங்களா, தாத்தா?" என்று கேட்டாள்.

எனக்கு எவரும் சொல்லித்தராத கேள்வி அது.