விண்ணப்பமும் நிழற்படமும்

அரசாங்க உத்தியோகம் ஒன்றுக்கு விண்ணப்பித்தல் மேலோட்டமாக நோக்குமிடத்துச் சாதாரணமானதொரு காரியமே. படிவம் நிரப்பப்படுகின்றது, பரீட்சை நடைபெறுகின்றது, கூடிய புள்ளி பெற்றவர் தெரிவாகின்றார். எனினும், அப்படிவத்திற் கேட்கப்படுபவை எவை என்பதும், பரீட்சைப் பெறுபேற்றுக்கும் நியமனக் கடிதத்துக்கும் இடையே யாருடைய கை புகுகின்றது என்பதும் ஒரு சமுதாயத்தின் நீதியுணர்வை அளந்து காட்டுவன. ஐக்கிய அமெரிக்காவின் தபாற் சேவையில் இடம்பெறக் கறுப்பினத்தவர் முயன்ற வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1802ஆம் ஆண்டு அந்நாட்டுக் காங்கிரஸ் இயற்றிய சட்டம், சுதந்திரமுடைய வெள்ளையர் தவிர்ந்த எவரும் தபால் சுமக்கும் வேலையில் அமர்த்தப்படலாகாது என விதித்தது. இதன் உட்காரணத்தை அக்காலத் தபால் மா அதிபர் கிடியன் கிரேஞ்சர், ஜோர்ஜியா மாநிலச் செனற்றர் ஜேம்ஸ் ஜக்சனுக்கு எழுதிய இரகசியக் கடிதம் வெளிப்படுத்துகின்றது. தபால் சுமப்பவன் ஊர்தோறும் செல்வான், பலரோடு பழகுவான், மனிதனின் உரிமை அவனது நிறத்தைப் பொறுத்ததன்று என்பதை அறிவான், அறிந்ததைத் தன் இனத்தாருக்கும் போதிப்பான் என அவர் அஞ்சினார். 1800இல் வேர்ஜீனியாவிற் கேப்ரியல் என்னும் அடிமை திட்டமிட்ட கிளர்ச்சியும், ஹெயிற்றி அடிமைகளின் புரட்சியும் அவ்வச்சத்துக்குப் பின்னணியாயின. ஆகவே, தகுதியின்மை காரணமாகவன்று, அவ்வேலை அறிவைத் தரும் என்பது காரணமாகவே வாயில் அடைக்கப்பட்டது. உள்நாட்டுப் போர் முடிவுறுந் தறுவாயில், 1865 மார்ச் மாதத்திலேயே இத்தடை நீக்கப்பட்டது.

தடை நீங்கிய காலத்தில் தபால் உத்தியோகங்கள் வெற்றி பெற்ற கட்சியின் பரிசில்களாகவே வழங்கப்பட்டு வந்தன. 1881இல், எதிர்பார்த்த பதவி கிடையாத ஏமாற்றத்தினாற் சார்ல்ஸ் கிற்றோ என்பவன் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டான். சில வாரங்களின் பின் அவர் இறந்தார். சீர்திருத்தக் குரல் வலுப்பெற்று, 1883இல் பென்டில்டன் சட்டம் நிறைவேறியது. பெரிய தபாலகங்களிற் போட்டிப் பரீட்சை நடைமுறைக்கு வந்தது. விடைத்தாளுக்கு நிறமில்லை, எனவே கல்வி கற்ற கறுப்பின இளைஞருக்கு இது பெரும் வாய்ப்பாயிற்று. பட்டம் பெற்றும் வேறு தொழில்களில் இடம் மறுக்கப்பட்ட பலர் தபால் இலிகிதராகவும் கடிதம் விநியோகிப்போராகவும் அமர்ந்தனர். ஆயினும் எதிர்ப்பு அடங்கவில்லை. தென் கரோலினாவின் லேக் சிற்றியிற் தபாலதிபராக நியமிக்கப்பட்ட ஃபிரேசியர் பேக்கர், 1898இல் வெறிக் கும்பலொன்றினால் தம் கைக்குழந்தையோடு கொல்லப்பட்டார்.

1913இல் வூட்ரோ வில்சன் ஜனாதிபதியானார். அவரது தபால் மா அதிபர் அல்பேட் பேர்ள்சன் காலத்தில் அலுவலகங்களில் இனப் பிரிவினை புகுத்தப்பட்டது. 1914இல் விண்ணப்பத்தோடு நிழற்படமும் இணைக்கப்பட வேண்டுமென்ற விதி வந்தது. ஆள்மாறாட்டத்தைத் தடுத்தலே அதன் நோக்கமெனக் கூறப்பட்டது. ஆனால், தேர்ச்சிப் பட்டியலின் முதல் மூவருள் ஒருவரைத் தெரிவு செய்யும் உரிமை நியமன அதிகாரிக்கு இருந்தமையை இங்கு மறத்தலாகாது. முதலாம் இடம் பெற்றவரின் படத்தைக் கண்டதும் அவரைக் காரணங் கூறாது ஒதுக்குதல் எளிதாயிற்று. பரீட்சை ஒழிக்கப்படவில்லை, அதன் பயனே ஒழிக்கப்பட்டது.

இவ்வநீதிக்கு எதிராக நின்றவர் தபால் ஊழியரே. புகையிரதத் தபாற் சேவையின் வெள்ளையர் சங்கம் தம்மைச் சேர்க்க மறுத்தமையால், கறுப்பின இலிகிதர்கள் 1913இல் டெனிசி மாநிலத்துச் சட்டனூகா நகரிற் கூடித் தமக்கெனத் தேசியக் கூட்டணியொன்றை அமைத்தனர். நிழற்பட விதியை நீக்குமாறு அச்சங்கமும் ஏனைய உரிமை இயக்கங்களும் நீண்டகாலம் வாதாடின. 1940 நவம்பரில் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் அவ்விதியை நீக்கினார். நிழற்படத்தின் இடத்தைக் கைரேகை பெற்றது. அதே மாதத்தில் நிறைவேறிய றாம்ஸ்பெக் சட்டம் அரசாங்க சேவையில் இன, மத, நிற பேதம் காட்டுதலைத் தடை செய்தது.

கைரேகை ஆளை அடையாளங் காட்டும், நிறத்தைக் காட்டாது. ஆள்மாறாட்டத்தைத் தடுக்க அதுவே போதுமானதென்றால், இருபத்தாறு ஆண்டுகளாக நிழற்படம் எதற்காகக் கேட்கப்பட்டது என்பது சொல்லாமலே விளங்கும். சமத்துவம் சட்டப் புத்தகத்தில் எழுதப்படுவதால் மட்டும் நிலைபெறுவதன்று. விண்ணப்பப் படிவத்தின் ஒவ்வொரு கூண்டிலும் அது காக்கப்படல் வேண்டும்.